சொந்த டிஸ்க் இமேஜைக் கிளவுடில் ஏற்றிப் பயன்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எந்தக் கிளவுட் நிறுவனத்தை எடுத்தாலும் உபுண்டு, டெபியன், ஆல்மாலினக்ஸ் என்று ஆயத்த இமேஜ்கள் (இயங்குதளம் நிறுவப்பட்ட டிஸ்கின் நகல் கோப்புகள்) பட்டியலில் இருக்கும். பெரும்பாலான வேலைக்கு அவையே போதும். நாலைந்து பேக்கேஜ் நிறுவி ஒரு கான்ஃபிக் கோப்பை மாற்றுவதுதான் தேவை என்றால், சர்வரை உருவாக்கும்போதே முதல் பூட்டில் தானாக ஓடும் ஒரு யூசர்-டேட்டா ஸ்கிரிப்டைக் கொடுத்து முடித்துவிடலாம். சொந்த இமேஜ் தேவைப்படும் இடங்கள் வேறு: பட்டியலில் இல்லாத இயங்குதளம் வேண்டும், அலுவலக சர்வரில் ஓடும் விஎம்மை (மெய்நிகர் கணினியை) அப்படியே கிளவுடுக்கு நகர்த்த வேண்டும், லோடு ஏறும்போது புதிய சர்வர் உடனே வேலைக்கு வர வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நிமிடம் பேக்கேஜ் இறக்கிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது.

இந்த வேலையில் பதிவேற்றம்தான் ஆகச் சுலபமான பகுதி. பூட் ஆகவில்லை, நெட்வொர்க் வரவில்லை, லாகின் செய்ய முடியவில்லை என்று பிறகு வரும் சிக்கல்களின் வேர் பெரும்பாலும் இமேஜ் தயாரிப்பில் இருக்கும். இமேஜ் எந்த மெஷினில் உருவானதோ அதன் அடையாளங்கள் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த மெஷினில் ஓடப்போகிறதோ அதற்கான டிரைவர் உள்ளே இருக்காது. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி பதிவேற்றத்துக்கு முந்தைய வேலையைப் பற்றியதே. லினக்ஸ் இமேஜை வைத்தே விளக்குகிறோம். விண்டோஸ் பற்றி ஒரு சிறு பகுதி பின்னால் இருக்கிறது.

1. கிளவுட் கேட்கும் ஃபார்மட் எது?

வேலையைத் தொடங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்றைக் கேட்கும். ரா என்பது டிஸ்கின் அப்படியேயான நகல்; க்யூகவ்2, விஹெச்டி, விஎம்டிகே போன்றவை வெவ்வேறு விஎம் மென்பொருள்களின் டிஸ்க் கோப்பு வகைகள்.

அமேசான் ஈசி2-வின் இறக்குமதி வசதி ஓவிஏ, விஎம்டிகே, விஹெச்டி, விஹெச்டிஎக்ஸ், ரா ஆகியவற்றை ஏற்கும், க்யூகவ்2-வை ஏற்காது. விஎம்டிகே என்றால் ஸ்ட்ரீம்-ஆப்டிமைஸ்டு வகையாக இருக்க வேண்டும். முதலில் எஸ்3 பக்கெட்டில் (அமேசானின் கோப்புச் சேமிப்பகத்தில்) ஏற்றி, அங்கிருந்து இறக்குமதி செய்ய வேண்டும். அந்தப் பக்கெட்டைப் படிக்க "விஎம்இம்போர்ட்" என்ற பெயரில் ஒரு ஐஏஎம் ரோல் (அணுகல் அனுமதி) தேவை.

மைக்ரோசாஃப்ட் அஷூருக்கு நிலையான அளவுள்ள விஹெச்டி மட்டுமே ஆகும். டைனமிக் விஹெச்டியும் விஹெச்டிஎக்ஸும் ஆகாது. டிஸ்கின் அளவு 1 எம்ஐபியின் (மெபிபைட்டின்) முழு மடங்காக இருக்க வேண்டும். கோப்பின் கடைசியில் 512 பைட் ஃபுட்டர் சேரும் என்பதால், கோப்பின் மொத்த அளவு மெபிபைட் மடங்கைவிட சரியாக 512 பைட் கூடுதலாக இருந்தால்தான் கணக்கு சரி.

கூகுள் கிளவுடுக்கு ரா ஃபார்மட். கோப்பின் பெயர் "டிஸ்க்.ரா" என்றே இருக்க வேண்டும், அளவு 1 ஜிபியின் முழு மடங்காக இருக்க வேண்டும். அதை டார்-ஜிஜிப் ஆகப் பொட்டலம் கட்டும்போது டார் கட்டளையின் ஃபார்மட்டாக "ஓல்டுக்னு" என்று கொடுங்கள்.

டிஜிட்டல்ஓஷன் ரா, க்யூகவ்2, விஹெச்டிஎக்ஸ், விடிஐ, விஎம்டிகே ஐந்தையும் ஏற்கும். ஜிஜிப் அல்லது பிஜிப்2 செய்தும் தரலாம், ஆனால் சுருக்கத்தைப் பிரித்த பிறகு 100 ஜிபியைத் தாண்டக் கூடாது. விண்டோஸ் இமேஜ் அங்கே எடுபடாது.

ஓபன்ஸ்டாக் (திறந்த மூல கிளவுட் மென்பொருள்) அடிப்படையிலான கிளவுடுகளில் க்யூகவ்2, ரா இரண்டும் ஓடும். பின்னணியில் செஃப் ஸ்டோரேஜ் (பல சர்வர்களில் பரவிய சேமிப்பு அமைப்பு) இருந்தால் ராவாகவே கொடுங்கள். க்யூகவ்2 கொடுத்தால் ஒவ்வொரு சர்வருக்கும் முழு இமேஜும் இறக்கி மாற்றப்படும். ரா என்றால் செஃப் நொடியில் குளோன் செய்துவிடும்.

சில நிறுவனங்களில் இமேஜ் பதிவேற்றும் வசதியே இருக்காது. அங்கே ஒரு சர்வரை ரெஸ்க்யூ முறையில் பூட் செய்து, இமேஜை நேரடியாக அதன் டிஸ்கில் டிடி கட்டளையால் எழுதி, மறு பூட்டுக்கு முன் அந்த டிஸ்கின் ஸ்னாப்ஷாட் (அந்நேர நகல்) எடுத்துக்கொள்வதே வழி. அந்த ஸ்னாப்ஷாட்டே உங்கள் இமேஜ்.

2. எதிலிருந்து தொடங்குவது

ஐஎஸ்ஓவைப் போட்டு முதலிலிருந்து நிறுவுவதைவிட, அந்தந்த இயங்குதளத் திட்டம் வெளியிடும் அதிகாரபூர்வ கிளவுட் இமேஜை எடுத்து மாற்றுவதே நல்லது. அதில் கிளவுட்-இனிட் (முதல் பூட்டில் சர்வரை அமைக்கும் மென்பொருள்), சீரியல் கன்சோல் (பூட் செய்திகளைக் காட்டும் எழுத்துத் திரை), டிஸ்க் பகிர்வு (பார்ட்டிஷன்) அமைப்பு எல்லாம் ஏற்கெனவே சரியாக இருக்கும். இறக்கியதும் கூடவே வெளியிடப்பட்டிருக்கும் ஷா256 அல்லது ஷா512 செக்சம்மோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். உபுண்டுவின் கிளவுட் இமேஜ் ".ஐஎம்ஜி" என்று முடியும், பலரும் அதை ரா என்று நினைத்து அப்படியே டிடி செய்கிறார்கள். உண்மையில் அது க்யூகவ்2. கோப்பின் பெயரை நம்பாமல் "க்யூஎமு-இமேஜ் இன்ஃபோ" கட்டளையை ஓட்டி ஃபார்மட்டைப் பாருங்கள்.

இரண்டாவது டெபியனில். அங்கே "ஜெனரிக்", "ஜெனரிக்கிளவுட்", "நோகிளவுட்" என்று வகைகள் உண்டு. விஎம்முக்கு ஜெனரிக்கிளவுட் போதும். நிஜ வன்பொருளுக்கான டிரைவர்களை நீக்கியிருப்பதால் சிறியது. டிரைவர் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் ஜெனரிக் எடுங்கள். நோகிளவுட் வகையை எக்காரணம் கொண்டும் பொது இணையத்தில் ஏற்றாதீர்கள். அதில் கிளவுட்-இனிட் கிடையாது, ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) பாஸ்வேர்டே இல்லாமல் லாகின் ஆகலாம்; சோதனைக்காக மட்டும் வெளியிடப்படுவது. கிளவுட்-இனிட்டில் இதே பெயரில் ஒரு டேட்டாசோர்ஸ் (அமைப்பு விவரங்களை எடுக்கும் இடம்) இருப்பதால் பலர் குழம்பி இதை எடுத்துவிடுகிறார்கள்.

இறக்கிய இமேஜுக்குள் மாற்றம் செய்ய, பூட் செய்யத் தேவையில்லாத வழி லிப்கெஸ்ட்எஃப்எஸ் தொகுப்பில் உள்ள "விர்ட்-கஸ்டமைஸ்". பேக்கேஜ் நிறுவ, கோப்பை உள்ளே நகலெடுக்க, கட்டளை ஓட்ட எல்லாவற்றுக்கும் அதில் ஆப்ஷன் உண்டு. உபுண்டு மெஷினில் ரூட் அல்லாத பயனராக ஓட்டினால் இது பெரும்பாலும் தோற்கும். பூட் அடைவில் உள்ள கர்னல் கோப்பை ரூட் மட்டுமே படிக்க முடியும் என்பதே காரணம். சூடோ கொண்டு ஓட்டுங்கள், அல்லது அந்தக் கோப்புக்குப் படிக்கும் அனுமதி கொடுங்கள். ஃபெடோரா, ஆர்ஹெச்இஎல் (ரெட் ஹேட்) வகை இமேஜ் என்றால், கருவியின் பழைய வெளியீடுகளில் எஸ்இலினக்ஸ் (அணுகல் பாதுகாப்பு அடுக்கு) ரீலேபிள் ஆப்ஷனையும் சேருங்கள் (புதிய வெளியீடுகள் தாமாகவே செய்துவிடும்). சேர்க்காவிட்டால் நீங்கள் உள்ளே வைத்த கோப்புகளுக்குச் சரியான லேபிள் இருக்காது; சர்வீஸ்கள் காரணம் தெரியாமல் மறுக்கும்.

மாதந்தோறும் திரும்பத் திரும்பச் செய்யப்போகிறீர்கள் என்றால் இமேஜ் கட்டுவதைத் தானியங்கியாக்கும் பேக்கர் கருவிக்குப் போய்விடுங்கள். கையால் செய்த இமேஜில் என்ன இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

3. புதிய மெஷினில் எழுந்திருக்கத் தேவையானவை

அதிகாரபூர்வ கிளவுட் இமேஜிலிருந்து தொடங்கியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே முடிந்திருக்கும். விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ், நிஜ சர்வர் ஆகியவற்றிலிருந்து டிஸ்கைக் கொண்டுவருபவர்கள் ஒரு வரியையும் தாண்டக் கூடாது.

*டிரைவர்.* கர்னல் எழுந்ததும் ரூட் டிஸ்கை (இயங்குதளம் இருக்கும் டிஸ்கை) கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ் (கர்னலோடு முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) உள்ளே இருக்க வேண்டும். கேவிஎம் (லினக்ஸின் விஎம் தொழில்நுட்பம்) அடிப்படையிலான கிளவுடுகளுக்கு விர்ட்ஐஓ-பிளாக், விர்ட்ஐஓ-ஸ்கசி, விர்ட்ஐஓ-நெட். அமேசானின் நைட்ரோ வகை சர்வர்களுக்கு டிஸ்குக்கு என்விஎம்இ, நெட்வொர்க்குக்கு ஈஎன்ஏ. அஷூருக்கு ஹைப்பர்-வி டிரைவர்கள்: ஹெச்வி-விஎம்பஸ், ஹெச்வி-ஸ்டோர்விஎஸ்சி, ஹெச்வி-நெட்விஎஸ்சி.

ஆர்ஹெச்இஎல் குடும்பத்தில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அங்கே இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும் டிராகட் கருவி இயல்பாகவே "ஹோஸ்ட்-ஒன்லி" முறையில் இயங்கும். அதாவது, இப்போது ஓடும் மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் எடுத்துவைத்து மற்றதை விட்டுவிடும். விஎம்வேரில் உருவான டிஸ்கைக் கேவிஎம் கிளவுடில் போட்டால் ரூட் டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. தீர்வு: "டிராகட்-கான்ஃபிக்-ஜெனரிக்" பேக்கேஜை நிறுவி, ஃபோர்ஸ், ரீஜெனரேட்-ஆல் ஆப்ஷன்களோடு டிராகட்டை ஓட்டி எல்லாக் கர்னல்களுக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாகக் கட்டுங்கள். டெபியன், உபுண்டுவில் இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிக் கோப்பில் மாட்யூல்ஸ் மதிப்பு "மோஸ்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். "டெப்" என்று இருந்தால் இதே கதைதான். மாற்றிவிட்டு "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்" ஓட்டுங்கள்.

சரிபார்க்க டெபியன் வகையில் "எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்", ஆர்ஹெச்இஎல் வகையில் "எல்எஸ்இனிட்ஆர்டி". பட்டியலில் டிரைவர் பெயர் வராவிட்டால் உடனே பதற வேண்டாம். கர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தாலும் வராது; பூட் அடைவில் உள்ள கர்னல் கான்ஃபிக் கோப்பில் அந்த டிரைவருக்கு எதிரே "ஒய்" இருந்தால் உள்ளேயே இருக்கிறது, "எம்" இருந்தால் மாட்யூலாக வர வேண்டும்.

*டிஸ்கின் பெயர்.* எஸ்டிஏ என்று இருந்த டிஸ்க் புதிய இடத்தில் விடிஏ ஆகலாம், என்விஎம்இ0என்1 ஆகலாம். எஃப்எஸ்டேப் கோப்பிலும் (மவுன்ட் பட்டியல்) கிரப் (பூட்லோடர்) கான்ஃபிக்கிலும் டிஸ்கின் பெயரை நேரடியாக எழுதாமல் யுயுஐடி (தனித்த அடையாள எண்) அல்லது லேபிள் மூலம் குறிப்பிடுங்கள். பழைய மெஷினில் இருந்த என்எஃப்எஸ் மவுன்ட், இரண்டாவது டேட்டா டிஸ்க் ஆகியவற்றின் வரிகளை நீக்குங்கள். டேட்டா டிஸ்கின் ஒரு வரி எஞ்சியிருந்தாலே சிஸ்டம்டி (பூட்டை நடத்தும் மென்பொருள்) 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி ஷெல்லில் போய் நின்றுவிடும்.

*பகிர்வு அமைப்பு.* ரூட் பகிர்வு டிஸ்கின் கடைசியில் இருக்கட்டும். 10 ஜிபி இமேஜை 80 ஜிபி சர்வரில் போடும்போது, கிளவுட்-இனிட்டின் குரோபார்ட் பகுதி ரூட்டைக் கடைசிவரை நீட்டும். ரூட்டுக்குப் பின்னால் ஸ்வாப் பகிர்வு உட்கார்ந்திருந்தால் நீட்ட இடமில்லை. பழைய இன்ஸ்டாலர்கள் ஸ்வாப்பைக் கடைசியில்தான் வைக்கும். அதை நீக்கிவிட்டு, வேண்டுமென்றால் ஸ்வாப் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எல்விஎம் (பகிர்வுகளுக்கு மேல் வால்யூம்களை நிர்வகிக்கும் அடுக்கு) பயன்படுத்தினால் பகிர்வு வளர்ந்தாலும் லாஜிக்கல் வால்யூம் தானாக வளர்வதை நம்ப முடியாது; முதல் பூட்டில் பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டென்ட் ஓட்ட நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். கிளவுட் இமேஜுக்குள் எல்விஎம் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. டிஸ்கை வளர்க்கும் வேலையைக் கிளவுடே செய்கிறது.

*பூட்லோடர்.* யுஇஎஃப்ஐ (பழைய பயோஸுக்குப் பதிலாக வந்த ஃபர்ம்வேர்) இமேஜ் என்றால் இதை மறக்காதீர்கள்: "எந்தக் கோப்பிலிருந்து பூட் செய்வது" என்ற குறிப்பு மதர்போர்டின் என்விரேமில் (அணைத்தாலும் அழியாத நினைவகத்தில்) இருக்கிறது, டிஸ்கோடு கூட வராது. புதிய மெஷின் ஈஎஸ்பி (யுஇஎஃப்ஐ பூட் கோப்புகள் இருக்கும்) பகிர்வில், இஎஃப்ஐ அடைவுக்குள் பூட் அடைவில் உள்ள "பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ" என்ற இயல்பான கோப்பைத்தான் தேடும். கிரப்-இன்ஸ்டால் கட்டளையை ரிமூவபிள் ஆப்ஷனோடு ஓட்டினால் அந்தக் கோப்பு உருவாகும். பயோஸ் பூட்டோடு ஜிபிடி பகிர்வு அட்டவணை வைத்திருந்தால், கிரப் உட்கார 1 எம்ஐபி அளவில் ஒரு பயோஸ்-பூட் பகிர்வு வேண்டும். இரண்டையும் சேர்த்தே வைத்துவிட்டால் ஒரே இமேஜ் இரண்டு வகை மெஷினிலும் பூட் ஆகும்.

*சீரியல் கன்சோல்.* இதைச் செய்யாமல் பதிவேற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது போல. கர்னல் வரியில் இரண்டு கன்சோல் மதிப்புகளைச் சேருங்கள்: முதலில் டிடிஒய்0, அடுத்து டிடிஒய்எஸ்0, வேகம் 115200. வரிசை முக்கியம், கடைசியாக எழுதியதே முதன்மைக் கன்சோலாகும். சிஸ்டம்டியின் செய்திகள் அங்கேதான் போகும். மாற்றிய பின் கிரப் கான்ஃபிக்கைப் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

*நெட்வொர்க்.* நிலையான ஐபி, மேக் முகவரி, பழைய இன்டர்ஃபேஸ் பெயர் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஈஎன்எஸ்33 என்று எழுதிவைத்த கான்ஃபிக், பெயர் ஈஎன்எஸ்3 ஆகிவிட்ட மெஷினில் செல்லாது. நெட்பிளான் அடைவு, நெட்வொர்க்மேனேஜரின் இணைப்புக் கோப்புகள், பழைய வெளியீடுகளில் யுடேவ் விதிகளில் 70 என்று தொடங்கும் பெர்சிஸ்டன்ட்-நெட் கோப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) மதிப்பையும் கையால் எழுதிவைக்க வேண்டாம். கூகுள் கிளவுடின் இயல்பு எம்டியு 1460. இமேஜுக்குள் 9000 இருந்தால் பிங் போகும், எஸ்எஸ்ஹெச் இணைப்பு தொடங்கிப் பாதியில் உறைந்து நிற்கும்.

*கிளவுட்-இனிட்.* ஹோஸ்ட்நேம், எஸ்எஸ்ஹெச் கீ, டிஸ்க் வளர்ப்பு, யூசர்-டேட்டா எல்லாம் இதன் கையில். பெரும்பாலான கிளவுடுகளில் இது 169.254.169.254 என்ற முகவரியில் உள்ள மெட்டாடேட்டா சர்வீஸைக் கேட்டு விவரங்களை எடுத்துக்கொள்ளும். எங்கே கேட்க வேண்டும் என்பதை டேட்டாசோர்ஸ் பட்டியல் சொல்கிறது. ஒரே கிளவுடுக்கு என்றால் அந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள், பூட் வேகமாகும்.

உபுண்டு சர்வரை ஐஎஸ்ஓவிலிருந்து நிறுவியவர்கள் இங்கே கட்டாயம் நிற்க வேண்டும். இடிசி அடைவில், கிளவுட் என்பதற்குள் "கிளவுட்.சிஎஃப்ஜி.டி" அடைவைத் திறந்து பாருங்கள். "99-இன்ஸ்டாலர்" என்று தொடங்கும் ஒரு கோப்பை இன்ஸ்டாலர் விட்டுச்சென்றிருக்கும். அதில் டேட்டாசோர்ஸ் பட்டியல் "நன்" என்று இருக்கும். வெளியீட்டைப் பொறுத்து, நெட்வொர்க்கைத் தொடாதே என்று சொல்லும் "சப்பிக்விட்டி-டிசேபிள்" என்று தொடங்கும் கோப்பும் இருக்கலாம். இவை இருக்கும்வரை கிளவுட்-இனிட் ஓடும், பிழை எதுவும் காட்டாது, ஆனால் உங்கள் எஸ்எஸ்ஹெச் கீயை ஒருபோதும் எடுக்காது. இரண்டையும் நீக்குங்கள். அதன் மேல் அடைவில் "கிளவுட்-இனிட்.டிசேபிள்டு" என்ற வெற்றுக் கோப்பு இருந்தால் அதையும் நீக்குங்கள். குரோபார்ட் கருவிக்கு டெபியன் வகையில் "கிளவுட்-கெஸ்ட்-யூடில்ஸ்", ஆர்ஹெச்இஎல் வகையில் "கிளவுட்-யூடில்ஸ்-குரோபார்ட்" பேக்கேஜ் தேவை.

4. பழைய அடையாளத்தைத் துடைப்பது

ஒரு இமேஜிலிருந்து 20 சர்வர் எழுந்தால், உள்ளே விட்டுவைத்த எல்லாமே 20 நகலாகும். பாதுகாப்புக்கும் இதுதான் மையம்.

மெஷின்-ஐடி: இடிசி அடைவில் உள்ள இந்தக் கோப்பை வெற்றாக்குங்கள், நீக்க வேண்டாம். கோப்பு வெற்றாக இருந்தால் சிஸ்டம்டி பூட்டின்போது புதிய ஐடியை எழுதும். ரூட் இன்னும் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும்போது, கோப்பே இல்லாவிட்டால் தற்காலிக ஐடியைப் பொருத்தவும் இடமிருக்காது. டிபஸ் (செயலிகளுக்கிடையே செய்தி கடத்தும் சேவை) வைத்திருக்கும் நகல், இடிசி கோப்பைச் சுட்டும் இணைப்பாக இருக்க வேண்டும். இதைத் துடைக்காமல் விட்டால் நேரும் விபரீதம் விசித்திரமானது: சிஸ்டம்டி-நெட்வொர்க்டி டிஹெச்சிபியிடம் தன்னை அடையாளம் காட்டுவது மேக் முகவரியால் அல்ல, மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய அடையாளத்தால். ஆகவே இரண்டு சர்வர்களுக்கு ஒரே ஐபி கிடைத்து, இரண்டும் மாறி மாறித் துண்டிக்கப்படும்.

விர்ட்-கஸ்டமைஸ் பயன்படுத்துபவர்கள் அதன் வெளியீட்டைக் கவனித்துப் படியுங்கள். உள்ளே ஐடி வெற்றாக இருந்தால், தொடக்கத்திலேயே "மெஷின் ஐடியை அமைக்கிறேன்" என்று ஒரு வரி ஓடும். சுத்தமாக இறக்கிய இமேஜில்கூட அது ஒரு ஐடியை எழுதிவிடும் என்று பொருள். கட்டளையின் கடைசி ஆப்ஷனாக, மெஷின்-ஐடி கோப்பை ட்ரங்கேட் செய்யச் சொல்லிவிடுங்கள்.

எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீ: இடிசி எஸ்எஸ்ஹெச் அடைவில் "எஸ்எஸ்ஹெச்_ஹோஸ்ட்" என்று தொடங்கும் எல்லாக் கோப்புகளையும் அழியுங்கள். கிளவுட்-இனிட் முதல் பூட்டில் புதிதாக உருவாக்கும். கிளவுட்-இனிட் இல்லாத டெபியன் இமேஜில் தானாக உருவாகாது. எஸ்எஸ்ஹெச்டி தொடங்கவே தொடங்காது. அங்கே ஒரு முதல்-பூட் சர்வீஸ் எழுதிவைக்க வேண்டும்.

மீதி: ரூட், பயனர் இருவரின் ஆத்தரைஸ்டு-கீஸ், ஷெல் ஹிஸ்டரி, கிளவுட் சிஎல்ஐ (கட்டளை வரி) கருவிகளின் கிரெடென்ஷியல் கோப்புகள், கிட் டோக்கன், டிஎல்எஸ் பிரைவேட் கீ, ஜர்னல், லாக்குகள், டிஹெச்சிபி லீஸ்கள், சிஸ்டம்டியின் ரேண்டம்-சீட் கோப்பு, கண்காணிப்பு ஏஜென்ட்கள் பதிந்துவைத்த ஐடிகள். சால்ட் (கான்ஃபிக் நிர்வாகக் கருவி) பயன்படுத்தினால் மினியன்-ஐடியும் அதன் கீகளும். கிளவுட்-இனிட்டுக்கு அதன் "கிளீன்" துணைக்கட்டளையை லாக்ஸ், மெஷின்-ஐடி, சீட் ஆப்ஷன்களோடு ஓட்டினால் போதும். "விர்ட்-சிஸ்பிரெப்" இவற்றில் பலவற்றை ஒரே மூச்சில் செய்துவிடும். ஆனால் உங்கள் செயலியின் ரகசியங்கள் எங்கே இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது.

அழித்த கோப்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அதன் பிளாக்குகள் டிஸ்கில் அப்படியே இருக்கும். ரா இமேஜைப் பெறுபவர் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டியே உங்கள் டோக்கனை எடுத்துவிடலாம். அதனால் காலி இடத்தையும் துடைக்க வேண்டும். அது அடுத்த படியோடு சேர்ந்தே முடிகிறது. ரகசியத்தை இமேஜுக்குள் ஒருபோதும் வைக்காமல் முதல் பூட்டில் வெளியிலிருந்து எடுப்பது அதைவிட நல்லது.

5. சுருக்கி, மாற்றுவது

விஎம்மை நிறுத்திவிட்டு "விர்ட்-ஸ்பார்சிஃபை" கட்டளையை இன்-பிளேஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். காலி பிளாக்குகளை அது விடுவிக்கும். ஓடும் விஎம்முக்குள் எஃப்எஸ்ட்ரிம் ஓட்டுவதும் பலன் தரும், ஆனால் க்யூஎமு (விஎம்மை ஓட்டும் மென்பொருள்) டிரைவில் டிஸ்கார்டு மதிப்பு அன்மேப் என்று இருந்தால்தான்.

பிறகு "க்யூஎமு-இமேஜ் கன்வர்ட்". இதில் வெளியீட்டு ஃபார்மட்டைச் சொல்வது பெரிய எழுத்து ஓ; கூடுதல் ஆப்ஷன்களைச் சொல்வது சிறிய எழுத்து ஓ. இரண்டையும் குழப்பினால் கட்டளை மறுக்கும், அல்லது வேறு ஃபார்மட் உருவாகும். க்யூகவ்2-வுக்கு சுருக்கும் ஆப்ஷனையும் சேர்த்தால் பதிவேற்ற நேரம் கணிசமாகக் குறையும். அஷூருக்கு வெளியீட்டு ஃபார்மட்டின் பெயர் "விபிசி". துணை ஆப்ஷனாக சப்ஃபார்மட் ஃபிக்ஸ்டு, கூடவே ஃபோர்ஸ்-சைஸ். ஃபோர்ஸ்-சைஸை விட்டால் க்யூஎமு டிஸ்க் ஜியாமெட்ரிக்கு ஏற்ப அளவைத் திருத்திவிடும், 1 எம்ஐபி கணக்கு உடைந்து அஷூர் நிராகரிக்கும். அளவைச் சரிசெய்வதை எப்போதும் ரா நிலையில் "ரீசைஸ்" மூலம், மேல்நோக்கி மட்டும் செய்யுங்கள். கீழ்நோக்கிக் குறைத்தால் டிஸ்கின் வால் வெட்டுப்படும். ஜிபிடியின் காப்புப் பிரதி அங்கேதான் இருக்கிறது.

மாற்றி முடித்ததும் இன்ஃபோவில் மூன்றைப் பாருங்கள். ஃபார்மட் சரியா? விர்ச்சுவல் சைஸ் எவ்வளவு? (கிளவுட் பார்ப்பது இதைத்தான், கோப்பு 700 எம்பி இருந்தாலும் விர்ச்சுவல் சைஸ் 40 ஜிபி என்றால் 25 ஜிபி டிஸ்க் உள்ள சர்வரில் அது ஏறாது.) பேக்கிங் ஃபைல் என்று ஏதாவது வரி இருக்கிறதா? ஸ்னாப்ஷாட் அடுக்கை மட்டும் பதிவேற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. அடியில் உள்ள கோப்பு இல்லாமல் அது பயனற்றது. கன்வர்ட் செய்தால் அடுக்குகள் ஒன்றாகிவிடும். வெளிக் கோப்பைச் சுட்டும் க்யூகவ்2 மூலம் சர்வரின் கோப்புகளைப் படிக்க முடிந்த ஓட்டை 2024-இல் ஓபன்ஸ்டாக்கில் கண்டறியப்பட்டு (சிவிஇ-2024-32498) அடைக்கப்பட்டது. அதன் பிறகு இப்படிப்பட்ட இமேஜ்கள் கண்டிப்பாகவே நிராகரிக்கப்படும்.

6. பதிவேற்றும் முன் உங்கள் மெஷினிலேயே ஓட்டிப் பாருங்கள்

பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும் படி இது. யூசர்-டேட்டா, மெட்டா-டேட்டா என்று இரண்டு சிறு கோப்புகள் எழுதி, "கிளவுட்-லோக்கல்டிஎஸ்" மூலம் ஒரு சீட் ஐஎஸ்ஓ உருவாக்குங்கள். அதன் லேபிள் "சிஐடேட்டா" என்று அமையும். கிளவுட்-இனிட் அதை வைத்தே கண்டுபிடிக்கும். டேட்டாசோர்ஸ் பட்டியலை ஒரே கிளவுடுக்குச் சுருக்கியிருந்தால், சோதனைக்காக நோகிளவுட்டையும் அதில் வைத்திருக்க வேண்டும்.

க்யூஎமுவை ஸ்னாப்ஷாட் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எழுதுவதெல்லாம் தற்காலிகமாகப் போகும், சுத்தம் செய்த இமேஜ் கெடாது. இதை மறந்து சாதாரணமாக பூட் செய்துவிட்டால், நான்காம் படியை மறுபடி முழுக்கச் செய்ய வேண்டியதுதான். நோகிராஃபிக் ஆப்ஷன் கொடுத்தால் சீரியல் கன்சோல் டெர்மினலிலேயே வரும். எதுவுமே வரவில்லை என்றால் கன்சோல் அமைப்பு தவறு என்று இங்கேயே தெரிந்துவிடும். 2222 போர்ட்டை உள்ளே 22-க்குத் திருப்பிவிட்டு எஸ்எஸ்ஹெச் செய்து பாருங்கள். டிஸ்கை ஒருமுறை விர்ட்ஐஓவாகவும் இன்னொரு முறை என்விஎம்இயாகவும் இணைத்து பூட் செய்யுங்கள். யுஇஎஃப்ஐ சோதனைக்கு ஓவிஎம்எஃப் (விஎம்முக்கான யுஇஎஃப்ஐ) ஃபர்ம்வேரைப் புதிய, வெற்று வேரியபிள் கோப்போடு கொடுங்கள். பழைய வேரியபிள் கோப்பில் பூட் குறிப்பு எஞ்சியிருந்தால் சோதனை பொய்யாகத் தேறிவிடும்.

7. பதிவேற்றம்

செக்சம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2 ஜிபி கோப்பு, நொடிக்கு 10 மெகாபிட் அப்லோடு வேகம் என்றால் கிட்டத்தட்ட 27 நிமிடம். பிரவுசர் வழியாகப் போய்ப் பாதியில் அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். சிஎல்ஐ கருவி துண்டு துண்டாக அனுப்பி, தோற்ற துண்டை மட்டும் மறுபடி அனுப்பும். எஸ்3-இல் ஒரே வீச்சில் அனுப்ப 5 ஜிபிதான் வரம்பு; அதற்கு மேல் துண்டாகத்தான் போக வேண்டும்.

யுஆர்எல் கொடுத்து இழுக்கச் சொல்லும் வசதி இருந்தால், இமேஜை ஏதேனும் ஒரு சர்வரிலேயே தயாரித்து அங்கிருந்து இழுக்கவிடுவது வேகமானது. லின்க் நேரடியாகக் கோப்பைத் தர வேண்டும். பகிர்வுத் தளங்களின் முன்னோட்டப் பக்கத்துக்கான லின்க்கைக் கொடுத்தால் ஹெச்டிஎம்எல் பக்கம்தான் இமேஜாக இறங்கும். பக்கெட்டைப் பொதுவாகத் திறந்துவைக்காமல், சில மணி நேரத்தில் காலாவதியாகும் கையெழுத்திட்ட லின்க்கைப் பயன்படுத்துங்கள்.

ஓபன்ஸ்டாக்கில் இமேஜ் உருவாக்கும்போது டிஸ்க்-ஃபார்மட்டை உண்மையான ஃபார்மட்டோடு பொருந்தக் கொடுங்கள், கன்டெய்னர்-ஃபார்மட் "பேர்". க்யூகவ்2 கோப்பை ரா என்று சொல்லி ஏற்றினால் ஏறிவிடலாம். பூட் மட்டும் ஆகாது. மினிமம்-டிஸ்க் மதிப்பையும், யுஇஎஃப்ஐ இமேஜுக்கு ஃபர்ம்வேர்-டைப் பண்பையும் அப்போதே சேருங்கள்.

அமேசானில் இரு வழி. "இம்போர்ட்-இமேஜ்" உள்ளே புகுந்து சில மாற்றங்களைத் தானே செய்யும். அதற்குத் தெரிந்த இயங்குதளமாக இருக்க வேண்டும். "இம்போர்ட்-ஸ்னாப்ஷாட்" டிஸ்கைத் தொடாமல் அப்படியே ஏற்றும். பிறகு "ரெஜிஸ்டர்-இமேஜ்" மூலம் ஏஎம்ஐ (அமேசானின் சர்வர் இமேஜ்) ஆக்க வேண்டும். மேலே சொன்னபடி நீங்களே தயாரித்திருந்தால் இரண்டாவது வழியே சரி. ரெஜிஸ்டர் செய்யும்போது ஈஎன்ஏ ஆதரவையும் பூட் முறையையும் ஆர்க்கிடெக்சரையும் குறிப்பிடுங்கள். ஈஎன்ஏவை விட்டுவிட்டால் நைட்ரோ வகை சர்வரைத் தொடங்கவே விடாது.

8. முதல் சர்வர்

இமேஜின் விர்ச்சுவல் சைஸுக்குக் குறையாத டிஸ்க், பொருந்தும் ஆர்க்கிடெக்சர், எஸ்எஸ்ஹெச் கீ. பயனர் பெயர் இமேஜைப் பொறுத்தது: உபுண்டுவில் உபுண்டு, டெபியனில் டெபியன், ஃபெடோராவில் ஃபெடோரா. "பர்மிஷன் டினைடு" வருவதில் நிறைய இந்தப் பெயரால்தான்.

உள்ளே போனதும் "கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ்" கட்டளையை லாங், வெயிட் ஆப்ஷன்களோடு ஓட்டி, டேட்டாசோர்ஸ் உங்கள் கிளவுடின் பெயர்தானா என்று பாருங்கள். டிஎஃப் கட்டளையில் ரூட் முழு அளவுக்கு வளர்ந்திருக்கிறதா பாருங்கள். அதே இமேஜிலிருந்து இரண்டாவது சர்வரையும் எழுப்பி, இரண்டின் மெஷின்-ஐடி, ஹோஸ்ட் கீயின் கைரேகை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் இமேஜைத் தூக்கிப்போட்டுவிட்டு நான்காம் படிக்குத் திரும்புங்கள். கடைசியாக ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். முதல் பூட்டில் தேறி இரண்டாவதில் விழும் இமேஜ்களும் உண்டு.

9. எங்கே நிற்கிறது என்று பார்த்தால் காரணம் தெரியும்

சீரியல் கன்சோலைத் திறந்து, கடைசியாக வந்த வரியைப் படியுங்கள்.

ஃபர்ம்வேர் "பூட் செய்யக்கூடிய டிஸ்க் இல்லை" என்கிறது: பயோஸ், யுஇஎஃப்ஐ பொருத்தமில்லை, இயல்பான இஎஃப்ஐ கோப்பு இல்லை, அல்லது ஃபார்மட்டையே தவறாகச் சொல்லி ஏற்றியிருக்கிறீர்கள்.

கிரப் ரெஸ்க்யூ வருகிறது: டிஸ்க் தெரிகிறது, கிரப் தன் அடைவைக் காணவில்லை. பகிர்வு எண் மாறியிருக்கும் அல்லது யுயுஐடி பழையது.

டிராகட் எமர்ஜென்சி ஷெல், அல்லது டெபியனில் இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்ட்: ரூட் டிஸ்க் தெரியவில்லை. அங்கேயே பிராக் அடைவில் உள்ள பார்ட்டிஷன்ஸ் கோப்பைப் படியுங்கள். டிஸ்கே பட்டியலில் இல்லை என்றால் டிரைவர் இல்லை. டிஸ்க் இருக்கிறது என்றால் கர்னல் வரியில் உள்ள ரூட் மதிப்பு தவறு. இந்த ஒரு சோதனையிலேயே காரணம் இரண்டில் ஒன்றாகப் பிரிந்துவிடும்.

லாகின் ப்ராம்ப்ட் வருகிறது, நெட்வொர்க் இல்லை: இன்டர்ஃபேஸ் பெயர், டிரைவர், மேக் பூட்டப்பட்ட நெட்பிளான் கோப்பு.

நெட்வொர்க் இருக்கிறது, கீ ஏற்கப்படவில்லை: டேட்டாசோர்ஸ் "நன்" ஆகியிருக்கும். ரன் அடைவில், கிளவுட்-இனிட் என்பதற்குள் டிஎஸ்-ஐடென்டிஃபை லாக் இருக்கும்; எந்த டேட்டாசோர்ஸை ஏன் ஒதுக்கியது என்று அது வரி வரியாகச் சொல்லும்.

உள்ளே போக வழியே இல்லை என்றால், அந்த டிஸ்கைக் கழற்றி ஓடும் இன்னொரு சர்வரில் இரண்டாவது டிஸ்காக இணைத்து லாக்குகளைப் படியுங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால், ஒரே இமேஜிலிருந்து வந்த சர்வரில் இணைக்கும்போது யுயுஐடி மோதும். மவுன்ட்டில் நோயுயுஐடி ஆப்ஷன் கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் இமேஜுக்கு

விர்ட்ஐஓ டிரைவர்களை டிஸ்க் நகர்வதற்கு முன்பே நிறுவிவிடுங்கள். நிறுவாமல் நகர்த்தினால் 0எக்ஸ்7பி என்ற நீலத்திரைதான். கிளவுட்-இனிட் செய்யும் வேலைக்கு கிளவுட்பேஸ்-இனிட். கடைசியாக சிஸ்பிரெப்பை ஜெனரலைஸ், ஊபி, ஷட்டவுன் ஆப்ஷன்களோடு ஓட்டி, அணைந்ததும் டிஸ்கை எடுங்கள். மறுபடி பூட் செய்தால் சிஸ்பிரெப்பின் பயன் போய்விடும். உங்கள் லைசென்ஸ் அந்தக் கிளவுடில் செல்லுமா என்பதை முன்பே பாருங்கள்.

10. ஏற்றிய பிறகு

பெயரில் இயங்குதளம், வெளியீடு, தேதி மூன்றும் இருக்கட்டும்: "டெபியன்12-வெப்-20250310" போல. "ஃபைனல்", "நியூ" என்ற பெயர்கள் இரண்டாவது மாதமே குழப்பும். கட்டிய ஸ்கிரிப்டின் கிட் கமிட் எண்ணை இமேஜுக்குள் ஒரு சிறு கோப்பாக எழுதிவையுங்கள். ஓடும் சர்வர் எதிலிருந்து வந்தது என்று பிறகு கேட்க அதுவே வழி.

இமேஜ் பழசாகிக்கொண்டே போகும். மூன்று மாதப் பழைய இமேஜிலிருந்து எழும் சர்வர், முதல் அப்டேட் முடியும்வரை மூன்று மாத ஓட்டைகளோடு இணையத்தில் நிற்கும். மாதம் ஒருமுறையும், எஸ்எஸ்ஹெச் அல்லது கர்னலில் பெரிய ஓட்டை வெளிவந்த அன்றும் புதிதாகக் கட்டுங்கள். புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை முந்தையதை வைத்திருங்கள். அதற்கும் பழையதை நீக்கிவிடலாம். சேமிப்புக்கு ஜிபி கணக்கில் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். அமேசானில் ஏஎம்ஐயை டீரெஜிஸ்டர் செய்யும்போது, அதன் பின்னால் உள்ள ஸ்னாப்ஷாட்டும் நீங்கியதா என்று தனியாகப் பாருங்கள். இறக்குமதிக்காக எஸ்3-இல் வைத்த மூலக் கோப்பும் அங்கேயே கிடக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.